அழுகையைப் படம் பிடித்தோம், நஷ்டஈட்டைக் கேட்டோமா?

கேள்வி:

அண்ணா, நான் ஒரு டிஜிட்டல் செய்தி சேனலின் மாவட்ட நிருபர். மூன்று மாதத்துக்கு முன்னால் எங்கள் ஊரில் ஒரு வீட்டு செப்டிக் டேங்கைச் சுத்தம் செய்ய இறங்கியவர் இறந்துபோனார். அரசு ஆஸ்பத்திரிப் பிணவறை வாசலில் அவருடைய மனைவியிடம் பேட்டி எடுத்தேன். எட்டாம் வகுப்பு படிக்கும் மகளும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். கடைசியில் ஜிபே எண்ணைப் போட்டோம். வீடியோ பல லட்சம் பேருக்குப் போய், ஒன்றரை லட்ச ரூபாய் உதவியும் வந்தது. இப்போது அந்த அக்கா அடிக்கடி போன் செய்து வீடியோவை எடுத்துவிடச் சொல்கிறார். கணவர் என்ன வேலை பார்த்தார், என்ன சாதி என்பதெல்லாம் அவர்கள் குடியிருக்கும் தெருவில் யாருக்கும் தெரியாதாம். வீடியோவைப் பார்த்த வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்லிவிட்டார். மகள் பள்ளிக்கூடம் போக மறுக்கிறாள். ராத்திரியில் யார் யாரோ கூப்பிடுகிறார்கள். எங்கள் எடிட்டரோ, "சம்மதிச்சுத்தானே பேசினாங்க? அந்த வீடியோவாலதானே பணம் வந்துச்சு?" என்கிறார். அடுத்த வாரத்துக்கு இதே மாதிரி இன்னொரு ஹியூமன் இன்ட்ரஸ்ட் ஸ்டோரி வேண்டுமாம். முகமும் அழுகையும் இல்லையென்றால் யாரும் பார்க்க மாட்டார்கள் என்பது அவர் கட்சி. நான் செய்தது தவறா? இந்த மாதிரிச் செய்திகளையே விட்டுவிடட்டுமா? வீடியோவின் லிங்க்கை இணைத்திருக்கிறேன். என் பெயர் வேண்டாம்.

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

முதலில் வீடியோவைப் பற்றிப் பேசிவிடுவோம். அந்தச் சிறுமி இன்றைக்கும் பள்ளிக்கூடம் போயிருக்க மாட்டாள்.

எடிட்டரிடம் "எடுத்துவிடுங்கள்" என்று மொத்தமாகக் கேட்டால் "முடியாது" என்று மொத்தமாகவே பதில் வரும். அதனால் பிரித்துக் கேளுங்கள். வாயால் சொல்லாமல் மின்னஞ்சலில் கேளுங்கள். ஜிபே எண் இன்றைக்கே போக வேண்டும். பண உதவி வந்து முடிந்துவிட்டது. இனி அந்த எண்ணுக்கு வரப்போவது ராத்திரி அழைப்புகளும் மோசடிக்காரர்களும்தான். அடுத்து, மகள் வரும் பகுதியை வெட்ட வேண்டும், தம்ப்நெயிலை மாற்ற வேண்டும், அம்மாவின் முகத்தை மங்கலாக்க வேண்டும். யூடியூப் ஸ்டுடியோவிலேயே வெட்டவும் முகத்தை மங்கலாக்கவும் வசதி இருக்கிறது. அப்படிச் செய்தால் லிங்க்கும் மாறாது, பார்வை எண்ணிக்கையும் குறையாது. இதை எடிட்டரிடம் தெளிவாகச் சொல்லுங்கள், ஏனென்றால் அவருடைய பயம் முக்கால்வாசி அந்த எண்ணிக்கையைப் பற்றியதாகத்தான் இருக்கும். ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டாவிலும் போட்ட சின்னத் துண்டுகளை நீக்கித்தான் ஆக வேண்டும். அவற்றால் இனி சேனலுக்குப் பெரிய லாபமும் கிடையாது.

எதற்கும் அவர் மசியவில்லை என்றால், வீடியோவில் இருப்பவரே யூடியூபுக்குத் தனியுரிமைப் புகார் கொடுக்கலாம். அவர் சார்பில் நீங்கள் கொடுக்க முடியாது, பக்கத்தில் உட்கார்ந்து உதவலாம். செய்தி மதிப்பையும் பார்த்துத்தான் முடிவெடுப்பார்கள் என்பதால் நிச்சயம் என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் அப்படி ஒரு வழி இருக்கிறது என்பதையாவது அந்த அம்மாவிடம் சொல்வது உங்கள் கடமை.

வீட்டு விஷயத்திலும் நீங்கள் உதவலாம். நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு அவரை அழைத்துப் போங்கள். பெண்களுக்கும் பட்டியல் சமூகத்தினருக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் அங்கே இலவசமாக வழக்கறிஞர் தருவார்கள். தமிழ்நாட்டில் 2019-ல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி, வாடகை நீதிமன்ற உத்தரவு இல்லாமல் வீட்டுக்காரர் நினைத்த மாத்திரத்தில் ஒருவரை வெளியேற்ற முடியாது. சாதியைக் காரணமாக வைத்துக் காலி செய்ய வைத்தால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் வரும். வீட்டுக்காரர் செய்வது அநியாயம், அதற்கு அவர்தான் பொறுப்பு. ஆனால் அப்படி நடக்கக்கூடும் என்பது, இந்த ஊரில் வாடகைக்கு வீடு தேடிய எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தானே. கேமராவை ஆன் செய்வதற்கு முன்னால் நாம் யோசித்திருக்க வேண்டியது அதைத்தான்.

சம்மதத்துக்கு வருகிறேன். பிணவறை வாசலில், உடலை வாங்குவதா வேண்டாமா என்று சொந்தக்காரர்கள் ஆளுக்கொன்று சொல்லிக்கொண்டிருக்கும் நேரத்தில், மைக்கை நீட்டினால் யாரும் பேசத்தான் செய்வார்கள். யாராவது கேட்க மாட்டார்களா என்ற தவிப்பு அது. அதைச் சம்மதம் என்று பதிவேட்டில் எழுதிக்கொள்ளக் கூடாது. உங்கள் அலுவலகம் எங்கே இருக்கிறது, இந்த வீடியோ எதிலெல்லாம் வரும், மகளின் வகுப்புப் பிள்ளைகள் போனில் அதைப் பார்ப்பார்கள், ஒருமுறை பரவிவிட்டால் திரும்ப வாங்க முடியாது என்பதையெல்லாம் யாரும் அவரிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். பேசுவதற்கு ஒரு சம்மதம், பெயருக்கு ஒன்று, முகத்துக்கு ஒன்று, பிள்ளையைக் காட்டுவதற்கு ஒன்று என்று தனித்தனியாகக் கேட்க வேண்டும். மறுநாள் காலையில் போன் செய்து இன்னொரு தடவை கேட்க வேண்டும். "வேண்டாம்" என்றால் அதோடு விட வேண்டும். ஒரு நாள் தாமதத்தால் பாழாகிற மனிதக் கதையை நான் இன்னும் பார்க்கவில்லை. கொஞ்சம் பார்வைகள் குறையும், அவ்வளவுதான்.

பிள்ளையைப் பொறுத்தவரை என் கருத்து கண்டிப்பானது. அம்மா சம்மதித்தாலும் காட்டாதீர்கள். பாலியல் குற்ற வழக்கு என்றால் போக்சோ சட்டத்தின் 23-ஆவது பிரிவு குழந்தையின் பெயர், படம், வீடு, குடும்பம், பள்ளி எதையும் வெளியிடக் கூடாது என்கிறது. நிருபர்கள் எல்லோருக்கும் அது மனப்பாடம். சட்டம் தடுக்காத இடத்திலும் அதே குழந்தைதான், அதே பள்ளிக்கூடம்தான்.

இனி எடிட்டரின் வாதம். முகம் இல்லாமல் யாரும் பார்க்க மாட்டார்கள் என்கிறாரே, அது பொய் இல்லை. அமெரிக்காவில் மூன்று ஆய்வாளர்கள் செய்த பரிசோதனை ஒன்று 2007-ல் வெளியானது. பங்கேற்றவர்களுக்கு ஆளுக்கு 5 டாலர் கொடுத்து, அதில் விரும்பியதை ஆப்பிரிக்கப் பசிப் பிரச்சினைக்கு நன்கொடையாகத் தரலாம் என்றார்கள். லட்சக்கணக்கானோர் பசியில் வாடுகிறார்கள் என்ற புள்ளிவிவரத்தைப் படித்தவர்கள் சராசரியாக 1.14 டாலர் கொடுத்தார்கள். மாலி நாட்டில் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தியின் படத்தையும் கதையையும் பார்த்தவர்கள் 2.38 டாலர். என்னை யோசிக்க வைத்தது மூன்றாவது குழு. சிறுமியின் கதையோடு புள்ளிவிவரத்தையும் சேர்த்துக் கொடுத்தபோது தொகை 1.43 டாலராக இறங்கிவிட்டது. முகம் மனதைத் திறக்கிறது, ஆனால் அந்த ஒரு முகத்துக்கு மட்டும் திறக்கிறது.

உங்கள் வீடியோவுக்கு நடந்ததும் இதுதான். பார்த்தவர்கள் அந்த ஒரு குடும்பத்துக்குப் பணம் அனுப்பினார்கள். நல்ல மனிதர்கள். அனுப்பியதும் அவர்களுடைய மனம் ஆறிவிட்டது. அடுத்த மாதம் வேறொரு ஊரில் வேறொருவர் தொட்டிக்குள் இறங்கிச் செத்தால், அங்கே கேமரா போகவில்லை என்றால், அந்தக் குடும்பத்துக்கு ஒன்றும் இல்லை.

வீடியோவை முழுக்கப் பார்த்தேன். ஆறு நிமிடத்தில் கணவர் எவ்வளவு பாசமானவர் என்பது இருக்கிறது, மகள் என்னவாக ஆசைப்படுகிறாள் என்பது இருக்கிறது, அழுகை நிறைய இருக்கிறது. அவரை அந்தத் தொட்டிக்குள் இறக்கியது யார் என்பது இல்லை. எவ்வளவு கூலி பேசினார்கள், யார் போன் செய்து கூப்பிட்டார்கள், லாரி வைத்து உறிஞ்சாமல் ஆளை ஏன் இறக்கினார்கள், போலீஸ் என்ன வழக்குப் போட்டிருக்கிறது என்பதும் இல்லை. பார்க்கிறவருக்கு அது மழை வெள்ளம் மாதிரி, யாரும் காரணமில்லாமல் வந்த துயரமாகத் தெரியும். அப்படித் தெரிந்தால் இரக்கப்படுவதைத் தவிர அவரால் வேறென்ன செய்ய முடியும்?

சட்டம் என்ன சொல்கிறது என்று பாருங்கள். கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7-ஆவது பிரிவு, சாக்கடையையும் செப்டிக் டேங்கையும் சுத்தம் செய்ய ஆளைப் பாதுகாப்பில்லாமல் இறக்குவதைத் தடுக்கிறது. வீட்டுக்காரரானாலும் ஒப்பந்தக்காரரானாலும் நகராட்சியானாலும் விதிவிலக்கு இல்லை. மீறினால் 9-ஆவது பிரிவின்படி முதல் தடவைக்கு 2 ஆண்டு வரை சிறை, 2 லட்சம் வரை அபராதம். மறுபடியும் செய்தால் 5 ஆண்டு, 5 லட்சம். இப்படி இறந்தவர்களின் குடும்பங்களைக் கணக்கெடுத்து 10 லட்சம் கொடுக்க வேண்டும் என்று கையால் மலம் அள்ளுவதை ஒழிக்கப் போராடும் சஃபாய் கர்மசாரி ஆந்தோலன் அமைப்பு தொடுத்த வழக்கில் 2014 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2023 அக்டோபரில் அதையே 30 லட்சமாக உயர்த்தியது.

முப்பது லட்சம், தங்கச்சி. உங்கள் நேயர்கள் மனமிரங்கிக் கொடுத்ததைப் போல இருபது மடங்கு. அது அந்த அம்மாவுக்குப் பாத்தியப்பட்ட பணம். அதற்காக அவர் யார் முன்னாலும் அழ வேண்டியதில்லை. பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைக்க வேண்டியதில்லை. வீடியோவில் அதைப் பற்றி ஒரு வரி இருந்திருந்தால், பார்த்த பல லட்சம் பேரில் பத்துப் பேராவது கலெக்டரிடம் "கொடுத்துவிட்டீர்களா?" என்று கேட்டிருப்பார்கள்.

நீங்கள் செய்தது தவறா என்று கேட்டீர்கள். அவரைப் பார்க்கப் போனது சரி, பேச வைத்ததும் சரி. அவருக்கு உரியது என்ன என்பதைச் சொல்லாமல், அவருக்கு வேண்டியிருப்பதை மட்டும் காட்டியதில்தான் பிசகு. இது உங்கள் ஒருவர் பிசகு இல்லை. தமிழ்ச் செய்தி உலகத்தில் பெரும்பாலான உருக்கமான செய்திகள் இந்த அச்சில்தான் வார்க்கப்படுகின்றன. வருஷா வருஷம் மே மாதம் பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் "கூலித் தொழிலாளியின் மகள் சாதனை" என்று போடுகிறோம். குடிசை வாசலில் அம்மா இனிப்பு ஊட்டுகிற படம். அந்தப் பெண்ணுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்ததா, கட்டணத்தைக் கட்ட முடிந்ததா என்று ஆகஸ்டில் யார் போய்ப் பார்க்கிறோம்?

இதற்காக இந்த மாதிரிச் செய்தியையே விட்டுவிடலாமா என்றால், கூடவே கூடாது. 1979 ஜனவரியில் இந்தியன் எக்ஸ்பிரஸ் நாளிதழில் பீகார் சிறைகளைப் பற்றி இரண்டு நாள் ஒரு கட்டுரை வந்தது. எழுதியவர் கே.எஃப். ருஸ்தம்ஜி. எல்லைப் பாதுகாப்புப் படையின் முதல் தலைவராக இருந்தவர், அப்போது தேசிய போலீஸ் ஆணையத்தின் உறுப்பினர். பாட்னாவிலும் முசாபர்பூரிலும் விசாரணையே நடக்காமல் வருடக்கணக்கில் அடைபட்டுக் கிடந்த ஆண்களையும் பெண்களையும் பற்றி எழுதினார். குற்றம் நிரூபணமாகியிருந்தால் கிடைத்திருக்கக்கூடிய அதிகபட்சத் தண்டனையைத் தாண்டியும் சிலர் உள்ளே இருந்தார்கள். இந்த ஒரு விவரம்தான் அந்தக் கட்டுரையின் உயிர். பாவம் என்று படிக்க ஆரம்பித்தவரை, இது சட்டவிரோதம் ஆயிற்றே என்று நிமிர்ந்து உட்கார வைக்கும் விவரம். டெல்லி வழக்கறிஞர் புஷ்பா கபிலா ஹிங்கோரானி அந்தக் கட்டுரையையே ஆதாரமாக வைத்து உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். ஹுசைனாரா காத்தூன் வழக்கு என்று சட்டக் கல்லூரிகளில் இன்றைக்கும் படிப்பது அதைத்தான். விரைவான விசாரணை என்பது அரசமைப்புச் சட்டத்தின் 21-ஆவது பிரிவுக்குள் அடங்கிய உரிமை என்று நீதிபதி பி.என். பகவதி எழுதினார். சுமார் 40,000 விசாரணைக் கைதிகள் விடுதலையாக அது வழி செய்ததாகச் சொல்வார்கள். சிறைக் கம்பிக்குப் பின்னால் யாரையும் அழ வைத்துப் படம் எடுத்து நடந்ததல்ல இது.

அதே நாளிதழின் இன்னொரு செய்தியையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 1981 ஏப்ரலில் அஸ்வினி சரீன் என்ற நிருபர், தோல்பூர் பகுதியில் பெண்கள் விற்கப்படுகிறார்கள் என்பதை நிரூபிக்க, தானே 2,300 ரூபாய் கொடுத்து ஒரு பெண்ணை வாங்கி டெல்லிக்குக் கூட்டி வந்து எழுதினார். நாடே அதிர்ந்தது. விவாதம் நடந்தது, நாடகமானது, சினிமாவும் ஆனது. அந்தப் பெண்ணை ஒரு காப்பகத்தில் சேர்த்தார்கள். கொஞ்ச நாளில் அங்கிருந்து காணாமல் போய்விட்டார். எங்கே போனார், என்ன ஆனார் என்று யாருக்கும் தெரியவில்லை. செய்தியின் துணிச்சலை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஒரு கொடுமையை மறுக்க முடியாதபடி அது வெளியே கொண்டுவந்தது. ஆனாலும் யாருடைய வாழ்க்கையை வைத்து அந்தச் செய்தி நின்றதோ, அவரை யாராலும் காப்பாற்றிக் கொடுக்க முடியவில்லை. செய்தி வெளியான மறுநாள் இவருக்கு என்ன ஆகும் என்ற கேள்வியை எழுதுவதற்கு முன்னால் கேட்க வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வதற்குக் காரணம் இந்தச் சம்பவம்தான்.

கேள்வி கேட்கும் முறையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். "இப்ப உங்களுக்கு எப்படி இருக்கு?" என்று துக்க வீட்டில் கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு அழுகையைத் தவிர வேறு பதில் கிடையாது, அதற்காகவே அது கேட்கப்படுகிறது. அன்றைக்குக் காலையில் என்ன நடந்தது என்று கேளுங்கள். எத்தனை மணிக்குக் கிளம்பினார், யாருடைய வண்டியில் போனார், சாப்பிட்டாரா, கையில் என்ன சாமான் எடுத்துப் போனார், எவ்வளவு தருவதாகச் சொல்லியிருந்தார்கள், இதற்கு முன்னால் அந்த வீட்டில் வேலை செய்திருக்கிறாரா, தகவல் யார் மூலம் வந்தது. இதற்கெல்லாம் பதில் சொல்லும்போது அந்த அம்மா தன் கணவரைப் பற்றிப் பேசுகிற ஒரு மனுஷியாக இருப்பார். வழக்குக்கும் அது பயன்படும். சில தொட்டிகளில் முதலில் இறங்கியவர் மயங்கி விழ, காப்பாற்ற இறங்கிய இரண்டாவது ஆளும் செத்துப்போகிறார். ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு அவ்வளவு வேகமாக ஆளைச் சாய்க்கும். கூட வேலை பார்த்தவர் ஒருவரைத் தேடிப் பிடித்துப் பேசினால் இந்த விவரமெல்லாம் கிடைக்கும். எங்கள் டெஸ்க்கில் ஒரு மூத்த உதவி ஆசிரியர், எந்த மனிதக் கதையானாலும் இரண்டாவது ஆளின் பேச்சு இல்லை என்றால் திருப்பி அனுப்பிவிடுவார். எரிச்சலாக இருக்கும், ஆனால் அவர் கை பட்ட செய்திகள்தான் இன்றைக்கும் நினைவில் நிற்கின்றன.

அவசரத்துக்கு ஸ்டோரி கேட்கும் எடிட்டருக்காகக் காட்சிகளை ஜோடிக்கிற பழக்கத்துக்குப் போய்விடாதீர்கள். "இன்னொரு தடவை அந்தப் போட்டோவைக் கையில எடுத்துப் பாருங்கம்மா" என்று சொல்வதில்தான் அது ஆரம்பிக்கும். வாஷிங்டன் போஸ்ட் நாளிதழில் ஜேனட் குக் என்ற நிருபர் 1980-ல், போதைக்கு அடிமையான எட்டு வயதுச் சிறுவனைப் பற்றி எழுதி, மறுவருஷம் புலிட்சர் பரிசும் வாங்கினார். அப்படி ஒரு சிறுவனே இல்லை என்று தெரிந்து பரிசைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று. அதற்குள் அந்த நகரத்துப் போலீஸ் இல்லாத பையனைத் தெருத் தெருவாகத் தேடி முடித்திருந்தது.

சரி, அடுத்த வாரத்துக்கு எடிட்டருக்கு என்ன கொடுப்பது? புது முகம் தேட வேண்டாம், பழைய செய்தியின் ஃபாலோ-அப்பைக் கொடுங்கள். கேமரா இல்லாமல் அந்த அம்மாவைப் போய்ப் பாருங்கள். வீடியோ விஷயத்தில் இதுவரை என்ன செய்திருக்கிறீர்கள் என்பதை முதலில் சொல்லுங்கள். அப்புறம் எஃப்.ஐ.ஆர். நகலைக் கேளுங்கள். புகார் கொடுத்தவருக்கு அதைப் போலீஸ் இலவசமாகத் தர வேண்டும். அவரிடம் இல்லையென்றால் தமிழ்நாடு காவல்துறை இணையதளத்தில் தேடுங்கள். பாலியல் குற்றம், பயங்கரவாதம் போன்ற உணர்வுபூர்வமான வழக்குகள் தவிர மற்ற எஃப்.ஐ.ஆர்.களை 24 மணி நேரத்தில் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று 2016-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

அதில் 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவுகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். கவனக்குறைவால் ஏற்பட்ட மரணம் என்று மட்டும் போட்டு முடித்திருந்தால் அதுதான் உங்கள் செய்தி. இன்ஸ்பெக்டரிடம் ஏன் என்று கேட்டு அவர் பதிலைப் போடுங்கள். கலெக்டர் அலுவலகத்தில் நஷ்டஈட்டுக்கான கோப்பு எந்த மேஜையில் இருக்கிறது என்று விசாரியுங்கள். "தனியார் வீடு, எங்களுக்குச் சம்பந்தமில்லை" என்று தட்டிக்கழிக்கப் பார்த்தால் அதையும் பெயர், பதவியோடு எழுதுங்கள். 2013 சட்டப்படி மாவட்டத்தில் ஒரு கண்காணிப்புக் குழு இருக்க வேண்டும். அது கடைசியாக எப்போது கூடியது என்ற கேள்விக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போட்டு வையுங்கள். இந்தச் செய்தியில் அந்த அம்மாவின் முகம் வேண்டியதில்லை. ஊர்ப் பெயர், தெருப் பெயர்கூட வேண்டாம். காட்ட வேண்டிய முகங்கள் வேறு, அவை அலுவலகங்களில் இருக்கின்றன.

பார்வைகள் கொஞ்சம் குறையலாம் என்பதை எடிட்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். எஃப்.ஐ.ஆர். கிடைத்ததும் எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள். பிரிவுகளைச் சரிபார்க்க இந்த வழக்குகளை நடத்திப் பழகிய ஒரு வழக்கறிஞரோடு உங்களைப் பேச வைக்கிறேன்.

அன்புடன்,
அண்ணன்